நியமிக்கும் பேனா யார் கையில்: ஏற்காடு எஸ்டேட் டிரஸ்ட் ஒன்று கைமாறிய விதம்

செவ்வாய்ப்பேட்டையில் நூல் வியாபாரம் பார்த்துச் சம்பாதித்த ஒருவர், நாகலூர் பக்கம் ஐம்பது ஏக்கருக்குச் சற்றுக் குறைவான காபித் தோட்டம் ஒன்றை வாங்கினார். தொண்ணூறுகளின் நடுவில் அந்தத் தோட்டத்தையும் பேட்டையில் இருந்த ஒரு வரிசைக் கடைகளையும் சேர்த்துக் குடும்ப டிரஸ்டாக எழுதிப் பதிவு செய்தார். இப்போது அதன் நிர்வாகம் மூன்றாம் தலைமுறைக்குப் போயிருக்கிறது. ஒரு பக்கக் கடிதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகம் வரை போய்த்தான் முடிந்தது.

இது ஒரே வீட்டுக் கதை அல்ல. சேலத்தில் கணக்குத் தணிக்கை செய்யும் தொழிலில் நான் பார்த்த சில குடும்பங்களை ஒன்றாக்கி, ஊர், ஏக்கர், உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். சட்டப் பிரிவுகள் மட்டும் உள்ளது உள்ளபடி.

காபித் தோட்டத்தை ஏன் டிரஸ்டில் வைக்கிறார்கள் என்று கீழே சேலத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். வரிக்காக இருக்கும் என்று நினைப்பார்கள். இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கு விதித்துவந்த எஸ்டேட் வரி 1985-லேயே போய்விட்டது. அதனால் அது காரணமில்லை. சேர்வராயன் மலையில் தோட்டத்தை மூன்றாகப் பிரித்தால் ஒருவருக்கு ஓடை போகும், ஒருவருக்குப் பாதை போகும், பழத்தோல் நீக்கும் பல்ப்பரும் உலர்த்தும் களமும் இன்னொருவருக்குப் போகும். மூவரில் ஒருவராலும் ஒழுங்காகக் காபி எடுக்க முடியாது. காக்பர்ன் கலெக்டர் காலத்தில், 1820களில், இந்த மலைக்குக் காபி வந்ததிலிருந்து தோட்டங்கள் எத்தனையோ கை மாறிவிட்டன. துண்டாகிப் போனவை பெரும்பாலும் வீட்டு மனையாகவோ காட்டேஜாகவோதான் முடிந்திருக்கின்றன. பெரியவர் பயந்தது அதற்குத்தான்.

பத்திரத்தில் என்ன இருந்தது

சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டிகள் நான்கு பேர்: பெரியவர், அவர் மனைவி, மூத்த மகன், பெரியவரின் வக்கீல் நண்பர். வருமானம் பெறும் பயனாளிகள் மூன்று கிளைகள்: மூத்த மகன், இளைய மகன், மகள், அவரவர் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். கிளைக்கு மூன்றில் ஒரு பங்கு வருமானம் என்று தெளிவாக எழுதியிருந்தது. இது நல்ல எழுத்து. "டிரஸ்டிகள் விருப்பம்போல் பிரித்துக் கொடுக்கலாம்" என்று எழுதியிருந்தால், வருமான வரியில் உச்ச விகிதத்தில் மாட்டியிருப்பார்கள்.

சிக்கல் மற்ற வரிகளில் இருந்தது. "என் காலத்துக்குப் பின் காலியாகும் டிரஸ்டி இடங்களுக்கு என் மூத்த மகனே ஆட்களை நியமிப்பார்" என்று ஒரு வரி. மூத்த மகனுக்குப் பிறகு யார் என்று இல்லை. ஒரு டிரஸ்டி தானாக விலக நினைத்தால் வழி என்ன என்று இல்லை. உடம்போ மனமோ முடியாமல் போனால் என்ன செய்வது என்று இல்லை. பத்திரத்தைத் திருத்த அதிகாரமும் யாருக்கும் இல்லை. தகராறு வந்தால் மூன்று குடும்பப் பெரியவர்கள் மத்தியஸ்தம் செய்து தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. கடைசியாக, டிரஸ்ட் "சந்திர சூரியர் உள்ளவரை" நடக்க வேண்டும் என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியைப் படித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கோயில் கட்டளைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எழுதினால் பொருந்தும். குடும்பத்தார் அனுபவிக்கும் தனியார் டிரஸ்டுக்குப் பொருந்தாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 14, அப்போது உயிரோடு இருப்பவர்களின் ஆயுளையும் அதற்குமேல் ஒரு மைனர் மேஜராகும் காலத்தையும் தாண்டிச் சொத்தைக் கட்டி வைக்க விடாது. அதாவது, பிறக்காத கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று முடிவில்லாமல் நீட்ட முடியாது. இந்த டிரஸ்டில் இன்னும் ஒரு கைமாற்றுக்கோ இரண்டு கைமாற்றுக்கோதான் இடம் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

இடைக்காலத்தில் நடந்தது

பெரியவர் போனார். சில ஆண்டுகளில் வக்கீல் நண்பரும் போனார். சட்டப்படி இதனால் டிரஸ்டுக்கு ஒன்றும் ஆகாது. இந்திய டிரஸ்ட் சட்டம் 1882-இன் பிரிவு 76-படி, மிச்சமிருக்கும் டிரஸ்டிகளிடம் சொத்து அப்படியே நிற்கும். செத்தவரின் வாரிசுக்கு அந்த நாற்காலி போகாது. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். "அப்பா டிரஸ்டியா இருந்தார், அதனால நானும் டிரஸ்டி" என்று சொல்லி வருபவர்களை இன்னும் பார்க்கிறேன்.

மிஞ்சியவர்கள் இருவர்: பெரியவரின் மனைவியான ஆயாவும் மூத்த மகனும். இந்தக் கட்டுரையில் மூத்த மகனைப் பெரியப்பா என்றே சொல்கிறேன். அடுத்த தலைமுறை அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. காலியான இரண்டு இடங்களை அவர் நிரப்பவே இல்லை. அதிகாரம் அவரிடம் இருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். "ஆள் சேர்த்தா பேச்சுதான் வளரும்" என்பது அவர் வாதம். வாரம் தவறாமல் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டரோடு உட்கார்ந்து, ஆட்களின் வருகைப் பதிவேடான செக்ரோல் பார்த்து, கூலி பட்டுவாடா செய்துவிட்டு இறங்குவார். பல ஆண்டுகள். சம்பளம் ஒரு ரூபாய் கிடையாது. பிரிவு 50-படி, பத்திரத்தில் சொல்லியிருந்தாலோ பயனாளிகளோடோ நீதிமன்றத்தோடோ ஒப்பந்தம் இருந்தாலோ ஒழிய டிரஸ்டி ஊதியம் எடுக்கக் கூடாது, இங்கே எதுவும் இல்லை.

என் கருத்தில் எல்லாக் கோணலும் இங்கேதான் தொடங்கியது. உழைத்தவருக்கு முறையாகக் கொடுக்காமல் வைத்திருந்தால், அவர் மனத்தில் அந்தத் தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அவருடையதாகிவிடும். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்.

அப்புறம் சில்வர் ஓக் விற்பனை வந்தது. வெட்ட அனுமதி வாங்கியிருந்தார், பணமும் டிரஸ்ட் கணக்குக்கே வந்தது, அதில் குறையில்லை. ஆனால் வியாபாரியோடு ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து மட்டுமே. பிரிவு 48-படி டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும். ஆயாவிடம் கேட்கவில்லை. மகள், அதாவது அத்தை, ஈரோட்டிலிருந்து தோட்டம் பார்க்க வந்த அன்று மேல் பிளாக்கில் மரங்கள் கிடந்தன. மரத்தோடு சேர்த்து மிளகுக் கொடியும் வந்திருந்தது. பச்சைக் காய் பிடித்த சரங்கள் வெயிலில் கறுத்துக் கிடந்தன. நிழல் போன காபிச் செடிகளின் இலை மஞ்சளாக ஆரம்பித்திருந்தது.

"அண்ணா, ஒரு போன் போட்டிருக்கலாமே."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

அத்தை அதற்குப் பிறகு கணக்குக் கேட்டார். பிரிவு 57 பயனாளிக்குக் கொடுக்கும் உரிமை அது: பத்திரத்தையும் கணக்குகளையும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். பெரியப்பாவுக்கு இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. என்னிடம் வந்து "என்கிட்டயே கணக்குக் கேக்கறா சார்" என்றார். கேட்கலாம், கொடுக்கத்தான் வேண்டும் என்றேன். அவர் அடுத்த ஒரு மாதம் என் அலுவலகப் பக்கமே வரவில்லை.

அத்தை பத்திரத்தில் இருந்த மத்தியஸ்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு மூன்று பெரியவர்களைக் கூட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார். அதில் பயன் இல்லை. டிரஸ்ட் பத்திரத்தில் எழுதிய மத்தியஸ்த வரியைக் காட்டி டிரஸ்ட் தகராறுகளை மத்தியஸ்தத்துக்கு அனுப்ப முடியாது என்று விமல் கிஷோர் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டது. பயனாளிகள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக்காரர்கள் அல்லர். தவிர, டிரஸ்ட் சட்டமே நீதிமன்றத்துக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறது. பெரியவர்கள் உட்கார்ந்து சமாதானம் பேசலாம். அது தீர்ப்பாகாது.

உயிலும் அமெரிக்காவும்

பெரியப்பாவுக்கு ஒரு மகன், டெக்சாஸில் குடியேறிவிட்டவர். அவர் பேரில் பெரியப்பா ஓர் உயில் எழுதி வைத்திருந்தார்: "எனக்குப் பின் டிரஸ்ட் நிர்வாகம் என் மகனைச் சாரும்." உயிலில் நாம் எழுதக்கூடியது நம் சொத்தை மட்டுமே. டிரஸ்ட் சொத்து அவருடையது அல்ல. டிரஸ்டி பதவியும் விட்டுச் செல்லக்கூடிய பண்டம் அல்ல. அவரிடம் இருந்தது நியமிக்கும் அதிகாரம். அதை அவர் தன் ஆயுளில் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

சரி, இப்போதே மகனை நியமித்துவிடலாமா என்றார். அதிலும் வலுவில்லை. பிரிவு 60 வெளிநாட்டைத் தன் நிரந்தர வாசமாக்கிக் கொண்டவரைத் தகுந்த டிரஸ்டியாகக் கருதாது. பிரிவு 73-படி, ஒரு டிரஸ்டி தொடர்ந்து ஆறு மாதம் இந்தியாவில் இல்லையென்றால் அவர் இடத்தில் வேறொருவரை நியமிக்கலாம். பெற்றவர் ஆசை ஒரு பக்கம். அறுவடை நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கூலி ஒவ்வொரு வாரமும்.

அடுத்த தலைமுறையில் சேலத்திலேயே இருந்தது ஒரே ஒருத்தி: இளைய மகனின் மகள். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள், கல்யாணமாகி ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கிறாள். அவள் பெயர் வந்ததும் உறவுக்காரர் ஒருவர் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்: "கல்யாணமான பொண்ணு டிரஸ்டி ஆகக் கூடாதுன்னு அதே 60-ஆம் பிரிவுல இருக்கு." உண்மைதான், இருக்கிறது. 1882-இல் எழுதிய சட்டம் திருமணமான பெண்ணையும் மைனரையும் ஒரே மூச்சில் விலக்குகிறது. ஆனால் அதே வரியில் "பயனாளியின் தனிச் சட்டம் அனுமதித்தால் தவிர" என்றும் இருக்கிறது. இந்து சட்டத்தில் அப்படி ஒரு தடை இல்லை. பாதி வரியை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார்.

பெரியப்பா அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "கணக்கு முழுசா பார்த்துட்டு வர்றேன் பெரியப்பா. தெரியாத கடனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்." அவருக்குக் கோபம். அவளுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருந்தது: பிரிவு 25-படி, முன்பிருந்த டிரஸ்டியின் தவறுக்குப் புதிதாக வருபவர் பொறுப்பாளி ஆக மாட்டார். இருந்தாலும் அவள் கேட்டது சரி என்றே நினைக்கிறேன். டிரஸ்டே திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன், யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் தீராது.

அப்படி ஒரு கடன் இருந்தது. பேட்டைக் கடைகளின் அட்வான்ஸ். வாடகை எல்லாம் வரிக் கணக்கில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஆனால் வாடகைதாரர்கள் அந்தக் காலத்தில் கொடுத்த அட்வான்ஸ் எதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியப்பாவின் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு. அதில் "மூலைக் கடை, அட்வான்ஸ் 40, பாக்கி 15 தம்பியிடம்" என்று ஒரு வரி. நாற்பது என்றால் நாற்பதாயிரம். தம்பி யார்? அவள் தன் அப்பா என்று நினைத்து முகம் சுருங்கினாள். கடைக்காரரின் தம்பியாம், அவரும் கடையை விட்டுப் போய்விட்டார். இதைச் சொல்ல அந்த வீட்டில் ஒரே ஆள்தான் உண்டு. அந்த நோட்டை வரி வரியாக வாசித்து, ஒவ்வொரு கடைக்காரரிடமும் கடிதம் வாங்கிப் பட்டியல் போட்டபோதுதான் டிரஸ்டின் உண்மையான நிலை தெரிந்தது.

தோட்டத்திலும் இதே கதை. பக்கத்துத் தோட்டக்காரரின் ஜீப் நம் பாதையில்தான் போய் வருகிறது. வசதி உரிமைச் சட்டப்படி, உரிமையோடு இருபது ஆண்டு தடையில்லாமல் நடந்துவிட்டால் பாதை அவருக்கும் சொந்த உரிமையாகிவிடும். அதைத் தடுக்கப் பெரியப்பா ஆண்டுதோறும் அவரிடம் "உங்கள் அனுமதியின் பேரில் செல்கிறேன்" என்று ஒரு கடிதம் வாங்கி வைத்திருக்கிறார். கடிதங்கள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில். அவர் திடீரென்று போயிருந்தால் அந்த டின் பழைய பேப்பர்காரருக்குப் போயிருக்கும். அதற்கடுத்த ஆண்டு கடிதம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. கைமாற்றம் என்று நாம் பேசும்போது பத்திரத்தையும் பட்டாவையும் வங்கிக் கணக்கையும் நினைக்கிறோம். அந்த டின்னை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

ஆயாவின் கையெழுத்து

இரண்டு காலி இடங்களுக்கும் பெரியப்பா ஆள் போடச் சம்மதித்தார்: ஒன்று அத்தை, ஒன்று அந்தப் பெண். பிரிவு 73 எழுத்தில் இருந்தால் போதும் என்கிறது. அசையாச் சொத்து இருப்பதாலும் பட்டா மாற்ற வேண்டியிருப்பதாலும் பதிவு செய்துவிடச் சொன்னோம். அந்த வேலை அரைநாளில் முடிந்தது.

மாட்டிக்கொண்டது ஆயாவின் இடத்தில். ஆயாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துச் சில காலம் ஆகியிருந்தது. இறந்துபோன தாத்தாவைச் சாப்பிடக் கூப்பிடுவார். வங்கிக்குத் தெரிந்தவுடன் அவர் கைரேகையை ஏற்க மறுத்தது. இரண்டு கையெழுத்து வேண்டிய கணக்கு நின்றது. அதுவும் பழம் எடுக்கும் பருவத்தில். கூலியைப் பெரியப்பா சொந்தப் பணத்திலிருந்து கொடுத்துச் சமாளித்தார்.

தெளிவாக இருந்தபோது ஆயா விலகியிருக்கலாமே என்றால், அப்போது பிரிவு 73-படி பெரியப்பா அவர் இடத்தில் வேறொருவரை நியமித்திருக்கலாம், அல்லது ஆயாவே நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கலாம்; இரண்டையும் யாரும் செய்யவில்லை. தானாக விலகும் மற்ற வழிகள் குறுகலாக இருந்தன. அப்படி விலகப் பிரிவு 71-படி பத்திரத்தில் வழி இருக்க வேண்டும், அல்லது பயனாளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். எல்லோரும் ஒப்பந்தம் செய்யும் தகுதி உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். பத்திரத்தில் வழி இல்லை. பயனாளிகளில் மைனர் பேரப் பிள்ளைகள் இருந்தார்கள். "பேரப் பிள்ளைகளும்" என்று ஆசையாக எழுதிய ஒரு சொல், சம்மதக் கதவைப் பூட்டிவிட்டது. "என் விருப்பப்படி முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம்" என்று ஒரு வரி இருந்திருந்தால் ஆயா தெளிவாக இருந்த காலத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருப்பார். இப்போது அவர் செயல்பட முடியாதவர் என்று சொல்ல வேண்டியது முதன்மை உரிமையியல் நீதிமன்றம். இங்கே அது சேலம் மாவட்ட நீதிமன்றம்.

பலர் இந்த இடத்தில் குறுக்கு வழி தேடுவார்கள்: டிரஸ்டிகள் கூடி "திருத்தல் பத்திரம்" ஒன்று எழுதிப் பதிவு செய்வது. பதிவாகும், ஆனால் திருத்த அதிகாரம் இல்லாத டிரஸ்டிகள் எழுதிய திருத்தத்தால் டிரஸ்டின் நிபந்தனை மாறாது. மாற்றப் பிரிவு 11 ஒரு வழி வைத்திருக்கிறது. தகுதியுள்ள பயனாளிகள் எல்லோரும் சம்மதித்தால் நிறுவியவரின் கட்டளையை மாற்றலாம். மைனர் போன்றவர்களுக்காக அந்தச் சம்மதத்தை நீதிமன்றமே கொடுக்கலாம். நீதிமன்றம் போவதென்று ஆன பிறகு ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டோம்: பிரிவு 74-இன் கீழ் ஆயாவின் இடத்துக்கு இளைய மகன்; பிரிவு 11-இன் கீழ் பத்திரத்தில் சில மாற்றங்கள்.

அந்த மாற்றங்களைப் பேசி முடித்ததுதான் நீதிமன்றத்தைவிட நாளெடுத்தது. நியமிக்கும் அதிகாரம் இனி ஒருவரிடம் இருக்காது; அந்தந்தக் கிளையின் மேஜர் பயனாளிகள் பெரும்பான்மையில் தங்கள் டிரஸ்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு மருத்துவர் சான்று கொடுத்தால் டிரஸ்டியின் இடம் காலி. தோட்டத்தை விற்க மட்டும் மூன்று கிளையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மலைக்குப் போய்வந்து நிர்வாகம் பார்ப்பவருக்கு மாத ஊதியம். வயது வரம்பு எழுபது என்று அத்தை சொன்னார். "எனக்கு எழுபத்தொண்ணு, என்னைத் துரத்தத்தான் இது" என்று பெரியப்பா எழுந்துவிட்டார். எழுபத்தைந்து என்று ஆனது. அந்த நான்கு ஆண்டு அவர் நோட்டையும் டின்னையும் கற்றுக்கொடுப்பதற்கு என்று அந்தப் பெண் சொல்லி உட்கார வைத்தாள்.

மைனர்களுக்கு நீதிமன்றம் காப்பாளரை நியமித்து, அவர் தரப்பையும் கேட்டு அனுமதித்தது. தன் அதிகாரத்தைத் தானே பிரித்துக் கொடுக்க முன்வந்த பெரியப்பாவைப் பற்றி ஊரில் "ஏமாந்துட்டார்" என்று ஒரு பேச்சு உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அவர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தால், முதலில் ஆயாவும், பிறகு அவரும் போயிருந்தால், பிரிவு 73-படி கடைசியாக மிஞ்சிய டிரஸ்டியின் சட்டபூர்வப் பிரதிநிதி நியமிக்கும் ஆளாகியிருப்பார். அதாவது டெக்சாஸ்.

இன்னும் முடியாத ஒன்று

அந்தப் பெண்ணுக்கு வறுத்த காபியைச் சொந்தப் பெயரில் விற்க ஆசை. சேர்வராயன் மலைக் காபி என்று பை போட்டு, கடைகளுக்கும் ஆன்லைனிலும். டிரஸ்டியாக உட்கார்ந்துகொண்டு டிரஸ்டின் காபியைத் தன் நிறுவனத்துக்கு வாங்க முடியாது என்றேன். டிரஸ்ட் சொத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது பிரிவு 51. அப்படியானால் டிரஸ்டே வறுத்து விற்கட்டுமே என்றாள்.

அங்கே வரி நிற்கிறது. தோட்டக்காரர் பார்ச்மென்ட்டாகவோ (பழத்தோல் நீக்கி உமியோடு உலர்த்திய கொட்டை) உலர்ந்த செர்ரியாகவோ (பழத்தோடு உலர்த்தியது) விற்றால் அது முழுக்க விவசாய வருமானம். தானே க்யூரிங் செய்து, அதாவது உமி நீக்கித் தரம் பிரித்து, விற்றால் வருமானத்தில் 25 சதவீதம் தொழில் வருமானம். வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம். தொழில் லாபம் ஒரு தனியார் டிரஸ்டுக்குள் வந்துவிட்டால், நாங்கள் கணக்குப் போட்டபோது அமலில் இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 161(1ஏ)-படி, டிரஸ்டின் வரிக்குட்பட்ட வருமானம் முழுவதற்கும் உச்ச விகிதம். காபியோடு சேர்ந்து பேட்டைக் கடை வாடகையும் அதில் விழும். பெரியவர் காலத்திலிருந்து பெரியப்பா ஏன் க்யூரிங்குக்குக் கூட விடாமல் பார்ச்மென்ட்டாகவே விற்றுவந்தார் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பழைய முறை என்று நினைத்திருந்தாளாம்.

அவள் டிரஸ்டி பதவியை விட்டுவிட்டுச் சந்தை விலைக்கு வாங்கும் வெளியாளாக வரலாம். அல்லது டிரஸ்டியாகவே இருந்து காபிப் பையை மறக்கலாம். அவள் கிளையில் வேறு யாரும் சேலத்தில் இல்லை. இந்தப் பருவத்துக் காபி பார்ச்மென்ட்டாகத்தான் போயிருக்கிறது. விலையை டிரஸ்டிகள் எல்லோரும் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். பெரியப்பா விலை பேசும்போது கூட உட்கார்ந்திருந்தவர் அத்தை.